பாத்ரூம் ஒழுகல்: டைல்ஸை உடைக்கும் முன்

மாடி பாத்ரூமில் ஆள் குளித்தால் கீழே அடுக்களைச் சீலிங்கில் கறை விரிகிறது. அடுத்த அறைச் சுவரில் தரையோடு ஒட்டிய ஓரடி உயரத்துக்கு உப்பு பூத்து, புட்டி பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. வழக்கமாக என்ன நடக்கும்? டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் தேய்ப்பார்கள். இரண்டு மாதம் கழித்துக் கறை திரும்பி வரும். "டைல்ஸை மாத்திப் போட்டா சரியாவும்"ண்ணு யாராவது சொல்ல, எல்லாவற்றையும் பெயர்த்து விலை கூடிய புது டைல்ஸ் ஒட்டுவார்கள். அதற்கப்புறமும் ஒழுகும். ஒழுகாமல் என்ன செய்யும்? தண்ணீரைத் தடுக்கிற வேலை டைல்ஸுடையதே அல்ல.

தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது என்பது உண்மைதான். ஆனால் டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு குடிக்கும். அங்கே இருப்பது சிமெண்ட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, காலப்போக்கில் மயிரிழை வெடிப்பும் விழும். தினமும் நாலு பேர் குளிக்கிற தரையில் கொஞ்சம் தண்ணீர் அந்த வழியாக அடியிலுள்ள சாந்துக்குள் இறங்கத்தான் செய்யும். நன்றாகக் கட்டிய பாத்ரூமிலும் இது நடக்கிறது. அங்கே சாந்துக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்று உண்டு. அந்தப் பூச்சுக்குச் சரிவு உண்டு, சரிவின் முடிவில் நாணி ட்ராப்புக்குள், அதாவது தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்குள், இறங்க வழியும் உண்டு. இந்த மூன்றில் ஒன்று கெட்டால் ஒழுகல். டைல்ஸின் விலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாடி பாத்ரூம்கள் பெரும்பாலும் சங்கன் சிலாப்பில் இருக்கின்றன. சுற்றியுள்ள தளத்தை விட 8 அங்குலம் முதல் ஓரடி வரை காங்கிரீட்டைத் தாழ்த்திப் போட்டு, குழாய்களை அதற்குள் ஓடவிட்டு, செங்கல் உடைசலும் கட்டட இடிபாடும் கொட்டி நிரப்பி, மேலே தளம் போட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். பழைய வீட்டில் பிற்பாடு பாத்ரூம் சேர்த்தவர்கள் தரையை ஒரு படி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அதற்குள்ளேயும் இதே நிரப்புதான். மேல் பூச்சு பழுதானால் இந்தக் குழி ஒரு தொட்டி. மாதக்கணக்கில் ஊறி நிரம்பி, எங்கே பலவீனமோ அங்கே வெளியேறும். அது சிலாப்பின் வெடிப்பாக இருக்கலாம், சுவரைத் துளைத்துப் போகும் குழாயின் ஓரமாக இருக்கலாம், பீமும் சிலாப்பும் சேரும் கோடாக இருக்கலாம். அதனால்தான் கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே உடைத்துப் பார்ப்பது பெரும்பாலும் வீண். ஓட்டை எட்டடி தள்ளிக்கூட இருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடலாம். தொட்டி நிரம்பியிருக்கும்போது மேலே நூறு சதவீதம் சரிசெய்தாலும், உள்ளே கிடக்கிற தண்ணீர் வடிந்து தீரும் வரை, வாரக்கணக்கில்கூட, கீழே சொட்டும். இது தெரியாமல் நல்ல வேலையைக் கெட்ட வேலை என்று திரும்ப உடைப்பவர்கள் உண்டு.

முதலில் மழையா என்று பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே உண்டு. சாரல் காற்றோடு மேற்குச் சுவரில் அடிக்கிற வீடுகளில் பாத்ரூம் மீது பழி விழுவது சகஜம், ஏனென்றால் பாத்ரூம் அனேகமாக வெளிச்சுவரை ஒட்டித்தான் இருக்கும். வென்டிலேட்டரின் அடிக்கட்டை உள்பக்கமாகச் சரிந்திருக்கலாம். வெளியே செங்குத்தாக இறங்கும் குழாய்க்குக் கிளாம்ப் அடித்த துளைகள் திறந்திருக்கலாம். சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கலாம். மழை நாளில் ஓதம் கூடி, வெயில் நாளில் பாத்ரூம் ஓடிக்கொண்டிருந்தாலும் குறைகிறதென்றால் வெளியே ஏணி போட்டுப் பாருங்கள், உள்ளே சுத்தியலை எடுக்காதீர்கள். சோதனைகளை மழை இல்லாத ஒரு வாரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாசி, பங்குனி மிகவும் தோது.

மூன்று தண்ணீரில் எது?

பாத்ரூமில் மூன்று விதமாகத் தண்ணீர் இருக்கிறது. சுவருக்குள் குழாயில் அழுத்தத்தோடு வரும் தண்ணீர், ட்ராப் வழியாகப் போகும் தண்ணீர், தரையிலும் சுவரிலும் விழும் தண்ணீர். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றாவதற்குத்தான் வாட்டர்புரூஃபிங். எது என்று தெரியாமல் வேலையில் இறங்கினால் பணம் போவது நிச்சயம், ஒழுகல் நிற்பது அதிர்ஷ்டம்.

முதலில் பாத்ரூமை மூன்று நான்கு நாள் யாரும் பயன்படுத்தாமல் போட்டு வையுங்கள். ஆனால் அந்த பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வு திறந்தே இருக்கட்டும். கீழே சொட்டு ஒரே அளவில், இரவு பகல் வித்தியாசம் இல்லாமல் விழுந்துகொண்டே இருந்தால் குழாயைச் சந்தேகப்படலாம். பிறகு கேட் வால்வை மூடுங்கள். ஓரிரு நாளில் சொட்டு குறைந்தால் சந்தேகம் உறுதி. சங்கன் நிரம்பியிருந்தால் குறைய இன்னும் சில நாள் ஆகும், அவசரப்பட வேண்டாம். இதற்கு மேல் உறுதி வேண்டுமானால் பிளம்பரை அழைத்துக் குழாய் முனைகளையெல்லாம் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டரின் முள் ஒரு மணி நேரம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீசருக்குப் போகும் சுடுதண்ணீர் லைனைத் தனியாகப் பார்க்க வேண்டும். மொட்டைமாடி டேங்க் ஷவரிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயிலுள்ள அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 0.3 கிலோதான். பிரஷர் பம்ப் மாட்டியதும் அது பல மடங்கு ஏறும். பத்து வருடம் ஒழுகாத பாத்ரூம் பம்ப் மாட்டிய பிறகு ஒழுகத் தொடங்கினால் பூச்சைக் குறை சொல்வதற்கு முன் சுவருக்குள் இருக்கும் பழைய ஜாயிண்டுகளை நினையுங்கள்.

குழாய் சரி என்றானால் அடுத்தது போகும் தண்ணீர். ட்ராப்பை மூடியிருக்கும் ஓட்டைத் தட்டான ஜாலியைக் கழற்றுங்கள். ஒரு ஹோஸ் குழாயை உள்ளே நன்றாக இறக்கி, தரையில் ஒரு சொட்டும் படாமல் பத்து வாளித் தண்ணீரை அரை மணி நேரத்துக்குள் ஊற்றுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்தால் கீழே நீலமாக வரும்போது சந்தேகத்துக்கே இடமில்லை. கழிப்பறைக் கோப்பையையும் வாஷ்பேசின் வேஸ்டையும் வேறு நாளில், தனித்தனியாக இதேபோல் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊற்றினால் எதிலிருந்து வந்தது என்று தெரியாது.

மூன்றாவது, தேக்கிப் பார்ப்பது. பழந்துணியைப் பாலித்தீன் பையில் சுருட்டி ட்ராப் வாயை இறுக அடையுங்கள். வாசல்படிக் கல்லைத் தாண்டாமல் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து, கதவைச் சாத்திவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். காற்றில் உலர்ந்து போவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் இறங்கினாலோ கீழே ஈரம் கூடினாலோ தரைப் பூச்சு கெட்டிருக்கிறது. இந்தத் தண்ணீரில் நீலம் கலக்காதீர்கள். வெள்ளை இடுக்குகளில் ஏறினால் இறங்காது.

தரையும் தேறிவிட்டால் மிச்சம் சுவர். ட்ராப்பைத் திறந்துவிட்டு, கைஷவரால் ஒரு சுவரில் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் இருபது நிமிடம் பீய்ச்சுங்கள். மாற்றம் இல்லையென்றால் மேல்பாதி. அப்புறம் அடுத்த சுவர். ஷவர் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் மூடியிருக்கும் ஸ்டீல் வட்டத்தையும், தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டரின் தகட்டையும் நகர்த்திப் பாருங்கள். பின்னால் இரண்டு விரல் நுழைகிற அளவு வெட்டிய ஓட்டை மூடாமல் கிடக்கும். குளிக்கும்போதெல்லாம் தண்ணீர் நேராக அதற்குள்தான் போகிறது. நியூட்ரல் சிலிக்கான் ஒரு டியூபில் தீர்கிற ஒழுகல் இது. வினிகர் வாடை அடிக்கிற மலிவு சிலிக்கான் வேண்டாம், சிமெண்டில் அது சரியாகப் பிடிக்காது.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பதும் உதவும். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கிற டைல்ஸுக்கு அடியில் இடைவெளி இருக்கிறது. நான்கு மூலையிலும் நடுவிலும் சாந்து உருண்டை வைத்து அமுக்கி ஒட்டியதன் பலன் அது. வெற்றுச் சத்தம் ஒழுகலுக்குச் சாட்சி இல்லை. ஆனால் தண்ணீர் எங்கே தேங்கிக் கிடக்கும் என்பதைக் காட்டிவிடும்.

ட்ராப் ஓரம்

குழாய் ஒழுகலுக்கு வாட்டர்புரூஃபிங் வேலை தேவையில்லை. அந்த இடத்தில் இரண்டு மூன்று டைல்ஸை உடைத்து ஜாயிண்டை மாற்றினால் போதும். தரை ஒழுகல் என்று வந்தாலும் முழுவதையும் பெயர்ப்பதற்கு முன் ஓர் இடத்தைத் திறந்து பார்ப்பது லாபம். அது ட்ராப்பைச் சுற்றியுள்ள ஒன்றரையடிச் சதுரம். பூச்சு பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

காரணம் எளிது. தரையின் மொத்தச் சரிவும் இங்கே வந்து முடிகிறது. மேலே ஓடுகிற தண்ணீரும் சரி, சாந்துக்குள் ஊறி வருகிற தண்ணீரும் சரி. ட்ராப் பி.வி.சி. வழவழப்பானது, சிமெண்ட் அதில் ஒட்டாது. சுற்றி அடைத்த சாந்து காய்ந்து சுருங்கியதும் பைப்பைச் சுற்றி மயிரிழை வளையமாக ஒரு இடைவெளி விழுகிறது. போதாததற்கு, ட்ராப் வாய்க்கும் டைல்ஸ் அடிக்கும் நடுவே ஓரிரு அங்குலம் வெறும் சாந்தாக இருக்கும். ஊறி வந்த தண்ணீர் ட்ராப்புக்குள் போக வழியில்லாமல் அந்த வளையத்தில் இறங்கிவிடுகிறது.

சரிசெய்யும் முறை இது. ட்ராப்பைச் சுற்றிப் பழைய சாந்தைக் கையுளியால் எடுங்கள். மெஷின் வைத்து அடித்தால் ட்ராப்பே உடையும். பி.வி.சி.யின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பைப் ஒட்டுகிற சால்வென்ட்டைத் தடவி, ஈரம் காய்வதற்குள் உலர்ந்த மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் மணல் ஒட்டிக்கொண்டு சிமெண்ட் பிடிக்க இடம் கொடுக்கும். பிறகு சுற்றியுள்ள குழியைச் சுருங்காத கிரவுட்டால் (இடைவெளி அடைக்கும் கலவை) அடையுங்கள். அது இறுகியபின் பைப்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் ஆழ அகலத்தில் பள்ளம் எடுத்து பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் என்கிற ரப்பர் போன்ற அடைப்பை நிரப்புங்கள். மேலே நீர்த்தடுப்புப் பூச்சு. அது ட்ராப் ஓரத்தில் நின்றுவிடக் கூடாது. நைலான் அல்லது கண்ணாடியிழை வலையைப் பூச்சுக்குள் பதித்து, ட்ராப் வாயின் உள்பக்கம் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இனி ஊறி வரும் தண்ணீர் பூச்சின் மேல் ஓடி ட்ராப்புக்குள்ளேயே விழும். வெளிப்பக்கம் பழைய பூச்சு கண்ணில் பட்டால் அதன் மீது நான்கு அங்குலம் ஏற்றிப் பூசுங்கள். திறந்த இடத்தில் பழைய பூச்சே தென்படவில்லையென்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த பாத்ரூமுக்கு வாட்டர்புரூஃபிங் செய்யவே இல்லை. முழு வேலைதான்.

இடுக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

சில சமயம் போதும். பூச்சு பாதி உயிரோடு இருந்து, டைல்ஸ் கெட்டியாக இருந்து, கசிவும் லேசாக இருந்தால் உள்ளே போகிற தண்ணீரைக் குறைத்தாலே சில வருடம் ஓட்டலாம். பழைய இடுக்கின் மேலேயே தேய்ப்பதில் பலனில்லை. குறைந்தது 3, 4 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, எப்பாக்ஸி கிரவுட் நிரப்ப வேண்டும். அது ரெசின், ஹார்டனர், ஃபில்லர் என்று மூன்று பாகமாக வரும். நம் ஊர் வெக்கையில் கலந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே இறுகத் தொடங்கும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் அந்த மங்கல் படலம் போகாது. தரையும் சுவரும் சேரும் மூலை, சுவரும் சுவரும் சேரும் மூலை இரண்டிலும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் போடுங்கள். கட்டடம் லேசாக அசைகிற இடங்கள் அவை, கெட்டியான எதுவும் அங்கே வெடிக்கும்.

இடுக்கு கெடுவதற்கு நம் வீடுகளில் முதல் காரணம் ஆசிட். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை போக மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம். டைல்ஸ் பளிச்சென்று ஆகிறது. ஆனால் ஆசிட் சிமெண்டைக் கரைக்கும். இடுக்கிலிருந்து நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், பொங்குவது அழுக்கல்ல, இடுக்குச் சிமெண்டேதான். இடுக்கு கரைந்தபின் ஊற்றுகிற ஆசிட் அடியிலுள்ள சிமெண்ட் பூச்சையும் போய்த் தொடுகிறது.

சீலிங்கில் கீழேயிருந்து வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிப்பது வேலைக்காகாது. தண்ணீர் மேலிருந்து தள்ளும், பெயிண்ட் கொப்புளம் கட்டும். டைல்ஸ் மேல் தெளிக்கிற நிறமற்ற சீலர்கள் இடுக்கு நன்றாக இருக்கும்போது உதவும், வெடித்த இடுக்கை அவை மூடாது. சிலாப்பில் கீழேயிருந்து துளைபோட்டு ரசாயனம் ஏற்றுவது சொட்டை நிறுத்தும், ஆனால் சங்கனுக்குள் தண்ணீர் அப்படியே இருக்கும். பிறகு அது வேறு இடத்தில், பெரும்பாலும் சுவரில், தலைகாட்டும்.

முழு வேலை

முழுவதுமாகச் செய்வதென்று முடிவெடுத்தால் சங்கன் நிரப்பை அடிவரை எடுங்கள். பாதியில் நிறுத்தினால் நனைந்த நிரப்பின் மேல் புதுத் தளம் போட்டதாகிவிடும். சுவர் டைல்ஸில் அடிவரிசையையாவது சுற்றிலும் பெயர்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுத் தரைக்கு மட்டும் பூசினால், சுவர் டைல்ஸின் பின்னால் வழிகிற தண்ணீர் பூச்சுக்கும் சுவருக்கும் நடுவே நேராக இறங்கும். சுற்றுச் சுவர்களில் ஓரடி உயரம், ஷவர் மூலையில் ஆறடி உயரம், இதுதான் கணக்கு. வாசல்படிக் கல்லையும் எடுங்கள். பூச்சு அதற்கடியில் மேலேறித் திரும்பியிருக்காவிட்டால், சாந்தில் ஊறும் தண்ணீர் படியின் அடியாகவே படுக்கையறைக்குப் போகும். பாத்ரூம் மரநிலையின் அடி உளுத்துப் போவதற்கு இதுவே காரணம்.

பிளம்பிங் வேலை எல்லாம் பூசுவதற்கு முன் முடிய வேண்டும். பூசியபின் வெட்டுகிற ஒவ்வொரு குழியும் புது ஓட்டை. காலி சிலாப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை உளியால் விரித்து அடைத்து, தரையும் சுவரும் சேரும் மூலை முழுக்க ஓர் அங்குலச் சாய்வாகச் சாந்து பிடியுங்கள். செங்குத்து மூலையில் பூச்சு மடிந்து கிழியும், சாய்வில் கிழியாது. சாந்து ஒன்றுக்கு மூன்று, தண்ணீரோடு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்கிற பால் போன்ற ரப்பர் திரவம் கலந்தால் நன்றாகப் பிடிக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் மணலில் கவனம் வேண்டும். உப்புள்ள மணல் சுவரில் பூக்கும், கம்பியில் துருவும் ஏற்றும். தூள் மிகுந்த எம்-சாண்டும் ஆகாது, அது சுருங்கி வெடிக்கும்.

பூச்சுக்குப் பவுடரும் திரவமும் தனித்தனியாக வரும் இரண்டு பாக அக்ரிலிக் சிமெண்ட் கோட்டிங் இந்த வேலைக்குப் பொருத்தம். அளவு போட்டுப் பார்ப்போம். ஐந்துக்கு ஏழு பாத்ரூம் என்றால் தரை 35 சதுர அடி. கதவின் இரண்டரை அடி போக மீதிச் சுற்று இருபத்தொன்றரை அடி, ஓரடி உயரத்துக்கு 21.5 சதுர அடி. ஷவர் மூலையில் இரண்டு பக்கமும் மும்மூன்று அடி, மேலும் ஐந்தடி உயரம், 30 சதுர அடி. மொத்தம் 86.5 சதுர அடி, அதாவது 8 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 2 கிலோ வைத்தால் 16 கிலோ வேண்டும். 15 கிலோ பாக்கெட் ஒன்று வாங்கினால் கடைசி மூலைக்குப் பற்றாது. அங்கேதான் தண்ணீர் ஊற்றி நீட்டிப் பூசுவார்கள். கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். சங்கன் அடிக்கு ஒருமுறை, மேல்தளத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை பூசப்போவதால் மிச்சம் வீணாகாது.

வாளியில் முதலில் திரவம், பிறகு பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பாக்கெட்டில் சொல்லாத தண்ணீர் ஒரு டம்ளர்கூட வேண்டாம். சிலாப் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. முதல் கோட்டைப் பிரஷ்ஷால் ஒரு திசையில் இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே மூலைகளிலும் பைப் ஓரங்களிலும் ஆறு அங்குல வலைப்பட்டையை அமுக்குங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட், முதல் கோட்டுக்குக் குறுக்கே. சாரல் நாளில் காய நேரம் பிடிக்கும்; கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் அமுக்கிப் பாருங்கள். சிமெண்ட் வேலை என்றாலே தண்ணீர் அடித்து நனைப்பது கொத்தனார்களின் கைப்பழக்கம். இந்தப் பூச்சு காற்றில் காய வேண்டியது. ஐந்து நாள் விட்டுவிட்டு 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே பாருங்கள். இந்தக் கட்டத்தில் கசிந்தால் செலவு ஒரு பிரஷ் பூச்சோடு போகும்.

சங்கனின் அடிமட்டத்தில் வெளிச்சுவர் வழியாக ஓர் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று வெளியே நீட்டிவிடுங்கள். என்றைக்காவது மேல் பூச்சு தோற்றால் தண்ணீர் சிலாப்பில் தேங்காமல் வெளியே சொட்டும், உங்களுக்கும் சேதி தெரியும். இந்தச் சின்னக் குழாயை வைக்காமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நிரப்புக்குச் சுத்தமான செங்கல் உடைசலோ எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கோ போதும், மரத்துண்டு, ஜிப்சம், பழைய சுண்ணாம்புக் காரை வேண்டாம். மேலே இரண்டு மூன்று அங்குலக் காங்கிரீட். 50 கிலோ சிமெண்ட் பைக்கு 200 மி.லி. அளவில் கலக்கும் நீர்த்தடுப்புத் திரவம் கடைகளில் கிடைக்கும், அதை இதில் சேர்க்கலாம்; ஆனால் அது பூச்சுக்கு மாற்று அல்ல. சரிவு இந்தக் காங்கிரீட்டிலேயே வர வேண்டும். எண்பதுக்கு ஒன்று என்றால் ஐந்தடி நீளத்துக்கு முக்கால் அங்குல இறக்கம். தளத்தை மட்டமாகப் போட்டு, டைல்ஸ் ஒட்டும்போது சாந்தில் சரிவு கொடுப்பதுதான் ஊர் வழக்கம். அப்போது மேலே ஓடுகிற தண்ணீர் ட்ராப்புக்குப் போகும், அடியில் ஊறின தண்ணீர் மட்டமான பூச்சின்மேல் நின்று நாறும். ஒரு வாரம் நனைத்து, காயவிட்டு, அதன் மேல் இரண்டாம் முறை முழுப் பூச்சு, ட்ராப் வாய்க்குள் இறங்கும் வலையோடு. மறுபடி தேக்கிப் பார்த்தல்.

டைல்ஸைப் பாலிமர் அட்ஹெசிவில், பல்லுள்ள கரண்டியால் முழுப்பரப்பும் இழுத்து ஒட்டுங்கள். 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம்; முட்டு முட்டாக ஒட்டிய டைல்ஸ் இடுக்குக்குள் கிரவுட் இறங்காது. கழிப்பறைக் கோப்பைக்குத் தரையில் துளைபோடும்போது துளைக்குள் சிலிக்கானை நிரப்பிவிட்டு ஸ்குரூவை முறுக்கச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு: உடைப்பு 2, அடிப்பூச்சு 2, காய 5, தேக்கல் 2, நிரப்பும் காங்கிரீட்டும் 2, நனைப்பு 7, மேற்பூச்சு 2, காய 5, தேக்கல் 2, டைல்ஸ் 3, இடுக்கு 1, குளிக்கும் முன் காத்திருப்பு 3. மொத்தம் 36 நாள். வளைகுடாவிலிருந்து முப்பது நாள் லீவில் வந்து, தேங்காய் எடுப்பு, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் நடுவே இதை முடித்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் வெட்டுவது எப்போதும் தேக்கல் நாட்களைத்தான். நாள் பற்றாது என்றால் உடைப்பையும் அடிப்பூச்சையும் வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே தொடங்கட்டும்.

கீழ்ச் சீலிங்கைத் தொட அவசரம் வேண்டாம். தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுக் கம்பியைப் பாருங்கள். துருவேறிப் பெருத்துக் காங்கிரீட்டைப் பிளந்திருந்தால் அது பெயிண்டர் வேலையல்ல, பொறியாளர் பார்க்க வேண்டியது. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேயே போகும். சொட்டு நின்று ஒரு மாதமாவது காயவிட்டு, ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சீலிங்கில் ஒருநாள் விட்டு வையுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். காய்ந்திருந்தால் புட்டிக்காரரைக் கூப்பிடலாம்.